39 பக்கங்களில் வன்னி எங்கே?

புதுக்குடியிருப்புச் சந்தியில் இருந்து கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக் கொப்பி, லமினேற்றிங், அரச அலுவலகங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் தொழில். கோம்பாவிலில் இருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறையாவது வருவார். கையில் எப்போதும் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் மகனின் படம், பிறப்புச் சான்றிதழ், யுத்தம் முடிய இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த வவுனியா மெனிக் பாமில் இராமநாதன் முகாமில் இருந்தபோது கொடுத்த பதிவுத் துண்டு. அந்தத் துண்டை யாரோ அவசரத்தில் லமினேற் பண்ணியிருக்கிறார்கள். சூட்டில் பேனை மை பரவி, குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை என்ற இடத்தில் இருப்பது 3 ஆ 5 ஆ என்று இப்போது சொல்ல முடியாது.

ஒரு நாள் கேட்டார்: "தம்பி, லண்டனிலை ஏதோ ரகசியக் கடதாசி வெளியிலை வந்திருக்காம். அதிலை எங்கடை ஆக்களின்ரை பேர் ஏதும் கிடக்குமோ?"

இல்லை அம்மா என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

கேட்டவரும் கொடுத்தவர்களும்

2009 இல் கொழும்பில் பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்தின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்தவர் லெப்டினன்ற் கேணல் அன்ரன் காஷ். யுத்தத்தின் கடைசி மாதங்களில் களநிலைமை பற்றி அவர் லண்டனுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தார். தூதரகங்களில் இது வழமையான வேலை. சந்தித்தவர்கள் சொன்னது, படைத்தரப்பு சொன்னது, ஐ.நா. ஆட்கள் சொன்னது, தான் போய்ப் பார்த்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதி அனுப்புவார்கள். உளவுத்துறை என்றதும் நாங்கள் கற்பனை செய்வதில் பாதி இப்படியான கடதாசிதான்.

2014 நவம்பரில் பிரித்தானிய மேல்சபை உறுப்பினர் நேஸ்பி பிரபு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இந்த அறிக்கைகளை வெளியுறவு அலுவலகத்திடம் கேட்டார். அவர் கொழும்புக்கு நெடுநாள் நண்பர் என்பது ஊரறிந்த விஷயம். முதலில் மறுத்தார்கள். தகவல் ஆணையாளரிடம் போனார், அப்புறம் தீர்ப்பாயத்துக்குப் போனார். 26 பக்கம் வந்தது, பிறகு 12, பிறகு 1. மொத்தம் 39 பக்கம். அவற்றிலும் பெரும்பகுதி மறைக்கப்பட்டிருந்தது.

2017 ஒக்ரோபர் 12 அன்று அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு நேஸ்பி மேல்சபையில் பேசினார். கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் அல்ல, 7,000 முதல் 8,000 வரைதான் என்பது அவர் வாதம். அடுத்த நாளே கொழும்புப் பத்திரிகைகளில் அது கொண்டாட்டமாகப் போனது. வன்னியில் அதைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

நேஸ்பி ஒருபக்கம் சாய்ந்தவர் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடலாம். ஆனால் அவர் அன்று வாசித்த வரிகளைத் தனித்தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

அந்த நான்கு வரிகள்

சபையில் அவர் முன்வைத்தவை முக்கியமாக நான்கு. ஜனவரி 20 ஆம் தேதிக் குறிப்பு, கொத்துக்குண்டுகள் பயன்படுத்தப்படவில்லை என்கிறது. ஜனவரி 28 ஆம் தேதிக் குறிப்பு, சீருடை போட்டவர்கள் குறைவு என்பதால் பொதுமக்களையும் புலி உறுப்பினர்களையும் பிரித்தறிய முடியாது என்கிறது. பெப்ரவரி 16 ஆம் தேதிக் குறிப்பு, திருகோணமலைக்கு வந்த இடம்பெயர்ந்தோர் நன்றாகக் கவனிக்கப்படுகிறார்கள் என்கிறது. ஏப்ரல் 26 ஆம் தேதிக் குறிப்பு, அதுவரை கொல்லப்பட்ட பொதுமக்கள் 6,432 என்கிறது.

கடைசியில் இருந்து தொடங்குவோம். 6,432 என்ற எண் காஷ் எண்ணியது அல்ல. ஐ.நா.வின் கொழும்புக் குழு தொகுத்த எண் அது. காயப்பட்டோர் 13,946 என்ற எண்ணோடு சேர்ந்து 2009 ஏப்ரலிலேயே கசிந்து வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களில் வந்துவிட்டது. மூன்று வருட வழக்காட்டத்துக்குப் பிறகு இரகசியப் பெட்டிக்குள் இருந்து எடுத்துத் தரப்பட்டது, எட்டு வருடத்துக்கு முன் பேப்பரில் வந்த எண்!

நேஸ்பி பெரிதாகப் பிடித்துக்கொண்ட 7,721 என்ற எண்ணும் அதே குழுவுடையதுதான். 2008 ஓகஸ்ற் முதல் 2009 மே 13 வரைக்குமான கணக்கு. அதை யாரும் ஒளித்து வைத்திருக்கவில்லை. 2011 இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கையில், காயப்பட்டோர் 18,479 என்ற எண்ணோடு அச்சிலே வந்தது. அதே இடத்தில், இந்த எண் ஏன் குறைவாக இருக்கக்கூடும் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. உள்ளே இருந்த ஆட்களின் வலையமைப்பு கண்ணால் கண்டவற்றை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள், மே 13 க்குப் பிறகு எண்ணவே முடியவில்லை என்று. 40,000 என்பதும் தலை எண்ணிச் சொன்னது அல்ல. அந்த அளவுவரை இருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றுதான் நிபுணர் குழு எழுதியது. 2012 இல் வந்த ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000 க்கு மேற்பட்டோருக்குக் கணக்கு இல்லை என்றது. அந்த அறிக்கையையும் சில பகுதிகளைக் கறுப்படித்துத்தான் வெளியிட்டார்கள்.

கண்ணால் கண்டவற்றை மட்டும் எண்ணினால் என்ன ஆகும் என்பது கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கிய மாத்தளன் கடற்கரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். விடிய ஷெல் விழுந்தால் பங்கருக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது உயிர் இருந்தவர்களை. இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்ய யாருக்கு நேரம் இருந்தது? அந்த எண்ணில் மனிதர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. பங்கரோடு மூடப்பட்டவர்கள் அதில் இல்லை.

அடுத்தது பெப்ரவரி 16. 2008 செப்ரெம்பரில் அரசாங்கத்தின் உத்தரவோடு ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் வன்னியை விட்டு வெளியேறினார்கள். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் போகவேண்டாம் என்று கூடி நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். சுதந்திரமான ஊடகமும் இல்லை. 2009 பெப்ரவரி இரண்டாம் வாரத்தில் இருந்து செஞ்சிலுவைக் கப்பல் புதுமாத்தளன் கரையில் காயக்காரரை ஏற்றித் திருகோணமலையில் இறக்கியது. காஷ் பார்த்தது இறங்குதுறையை. அங்கே நடந்ததைச் சரியாகவே எழுதியிருக்கலாம், அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கப்பல் இறக்கிய இடத்தைப் பார்த்து எழுதிய வரியைக் கப்பல் ஏற்றிய இடத்துக்குச் சாட்சியாக எடுத்தால், தப்பு எழுதியவரில் இல்லை.

ஜனவரி 28 ஆம் தேதிக் குறிப்புக்கும் இதையே கேட்க வேண்டும்: எங்கே நின்று பார்த்தது? அந்தக் கிழமை வள்ளிபுனமும் சுதந்திரபுரமும் எப்படி இருந்தன? அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயம் அது. அந்த வலயத்துக்குள் நின்ற ஐ.நா. வாகனத் தொடரணிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததைத் தொடரணியில் போனவர்களே பதிவு செய்திருக்கிறார்கள், நிபுணர் குழு அறிக்கையில் அது விரிவாக இருக்கிறது. காஷுக்கு இது தெரிந்திருந்ததா, எழுதினாரா? எழுதியிருந்தால் அது மறைக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கலாம். நேஸ்பி சபையில் முன்வைத்த அந்த நான்கு வரிகளில் இல்லை.

மறைக்கிறவர் என்ன பார்க்கிறார்

இப்படியான ஆவணத்தை வெளியிட முன்னர் ஒருவர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து படிப்பார். அவர் கேட்கிற கேள்வி 'இது உண்மையா' என்பது அல்ல. 'இது வெளியே போனால் யாருக்குப் பாதிப்பு' என்பதுதான். பிரித்தானியச் சட்டத்தில் 27 ஆம் பிரிவு வெளிநாட்டு உறவுக்குப் பாதிப்பு வருமா என்று பார்க்கச் சொல்கிறது. அதில் பொதுநலனையும் எடைபோட வேண்டும். 23 ஆம் பிரிவு உளவு அமைப்புகளிடம் இருந்து வந்த தகவலைப் பற்றியது. அங்கே தராசே கிடையாது, முழுக்க மூடல். சில இடங்களில் அப்படி ஒரு ஆவணம் உண்டு என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். அமெரிக்காவில் இந்தப் பதிலுக்கு 'குளோமர்' என்றே பெயர். 1970களில் கடலடியில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கியைத் தூக்கப் போன ஒரு கப்பலின் பெயர் அது. அதைப் பற்றிக் கேட்டபோது கொடுத்த பதில்தான் இன்றுவரை வழக்கத்தில் இருக்கிறது.

அமெரிக்க முறையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மறைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே எந்தக் காரணத்தின் கீழ் மறைத்தது என்று குறியீடு போட வேண்டும். அந்தக் குறியீட்டைப் பார்த்தே பழகினவர்கள் இது ஆளைக் காப்பாற்ற மறைத்ததா, உறவைக் காப்பாற்ற மறைத்ததா என்று ஊகித்துவிடுவார்கள். மூடிய கதவிலும் யார் வீடு என்று பெயர்ப்பலகை இருக்கிற மாதிரி.

ஆளைக் காப்பாற்ற மறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை ஊரில் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். 2009 இல் உள்ளே இருந்து வெளியே தகவல் சொன்னவர்கள் யார்? வைத்தியசாலையில் வேலை செய்தவர்கள், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகத்தின் உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனங்களின் உள்ளூர்ப் பணியாளர்கள். வெளிப்படையாகப் பேசிய அரச வைத்தியர்கள் மே மாதத்தில் கைதாகி, ஜூலையில் செய்தியாளர் முன் கொண்டுவந்து உட்காரவைக்கப்பட்டு, முன்பு சொன்ன எண்கள் மிகையானவை என்று சொன்னதை நாங்கள் எல்லோரும் ரீவியில் பார்த்தோம். பெயர் வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை வன்னிக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆகவே தகவல் தந்தவரின் பெயரை மறையுங்கள். அவர் சொன்ன இடம், நேரம், விழுந்த ஷெல்லின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்து மறைப்பதுதான் பிரச்சினை. பெயரை எடுத்துவிட்டுச் சம்பவத்தை விடலாம். அந்த வேலைக்கு நேரமும் பொறுமையும் வேண்டும், முழுப் பந்தியையும் மூடிவிடுவது சுகம்.

விரும்பினால் எவ்வளவு வேகமாக விடலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 2009 ஏப்ரலிலேயே, யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, கடற்கரையில் சனம் நெருக்குப்பட்டிருப்பதைக் காட்டும் செய்மதிப் படங்களை வெளியிட்டது. விரும்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1978 முதல் 1980 வரையான காலத்தில் இலங்கை தொடர்பாக இருந்த ஏறத்தாழ 200 கோவைகளைப் பிரித்தானிய வெளியுறவு அலுவலகம் அழித்துவிட்டது என்று 2018 இல் தெரியவந்தது. அழித்ததை மீளாய்வு செய்ய முடியாது.

மற்றபடி காத்திருந்தால் காலம் திறக்கும். பிரித்தானியாவில் இப்போது 20 ஆண்டு விதி, அமெரிக்காவில் 25 ஆண்டு. 2009 ஆம் ஆண்டுக் கடதாசிக்கு முறையே 2029, 2034 முடிவு என்று கணக்கு. அப்போதும் விதிவிலக்குகள் உண்டு, தகவல் தந்த ஆள் யார் என்று தெரியவரும் என்றால் இன்னும் பல பத்து ஆண்டுகள் இழுக்கலாம். கோம்பாவில் அம்மாவுக்கு 2009 இல் 52 வயது. 2034 இல் 77.

கேட்டிருக்க வேண்டிய கடதாசி

நேஸ்பி கேட்ட வகைக் கடதாசியில் இருப்பது ஒருவரின் மதிப்பீடு. அதை முழுதாகத் திறந்தாலும் ஒரு தரப்புக்குச் சாதகமான வரியும் மற்றத் தரப்புக்குச் சாதகமான வரியும் கலந்தே இருக்கும். 2021 இல் ஜெனிவாவில் பிரித்தானியா இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்குத் தலைமை தாங்கியபோது, காஷின் அறிக்கைகளை மறைக்காமல் முழுமையாகத் தா என்று இலங்கைத் தரப்பே கேட்டது. கிடைக்கவில்லை. மற்றவன் வீட்டு அலுமாரியைத் திற என்று கேட்ட அரசாங்கத்தின் சொந்த அலுமாரியில் என்ன கிடக்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அங்கே கிடப்பது பட்டியல்கள். யாருடைய கருத்தும் கலக்காத, லிகிதர்கள் கோடு போட்டு எழுதிய பட்டியல்கள். கச்சேரிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 ஒக்ரோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்த சனத்தொகை 429,059. 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று ஐ.நா. சொன்னது 282,380. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் இந்த இரண்டையும் வைத்து ஒரேயொரு கழித்தல் கணக்குச் செய்தார். விடை 146,679. அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். உளவு அறிக்கை ஒன்றும் இல்லாமல், நிவாரணம் கொடுப்பதற்காக எழுதிய எண்ணில் இருந்து வந்த கேள்வி அது. இன்றுவரை அதற்கு எண்ணால் யாரும் பதில் சொல்லவில்லை.

மற்றது சரணடைந்தோர் பட்டியல். 2009 மே 18 அன்று, சனம் படைத்தரப்புப் பகுதிக்குக் கடந்துவந்த வட்டுவாகல் பாலத்துக்கு இப்பால் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் பக்கத்தில் நின்று பெயர்களை எழுத, பலர் படையினரிடம் கையளிக்கப்பட்டுப் பஸ்ஸில் ஏற்றப்பட்டார்கள் என்று கண்ட மனைவிமார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பாதிரியாரும் திரும்பவில்லை. முல்லைத்தீவு நீதிமன்றில் நடந்த ஆட்கொணர்வு வழக்கில், பட்டியல் இருக்கிறது என்று 58 ஆவது படைப்பிரிவின் அதிகாரி ஒப்புக்கொண்டார். கொண்டுவா என்றபோது வந்தது புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அந்த ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவர்களைச் சந்தித்துப் பட்டியலை வெளியிடச் சொல்வதாக வாக்குறுதி கொடுத்தார். பட்டியல் வரவில்லை.

இதில் உளவுத் தகவலாளர் யாரும் இல்லை. அந்நிய நாட்டு உறவும் இல்லை. பஸ்ஸில் ஏறியவர்களின் பெயர். மறைக்கச் சொல்லும் எந்தச் சட்டக் காரணத்தையும் அதில் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது.

ஒரு விண்ணப்பம்

இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் அது நல்ல சட்டம். தேசிய பாதுகாப்பு என்று மறுக்கலாம், ஆனால் பொதுநலன் பெரிதென்றால் அதையும் மீறிக் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியைத்தான் மறைக்க வேண்டும் என்றால் மிச்சத்தைத் தந்தாக வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், தருவதென்றால், தகவலைத் திரட்டித் தரத் தேவைப்பட்டால் மேலும் 21 நாள் எடுக்கலாம்.

அந்த அம்மாவுக்காக நான் நிரப்பிய முதல் விண்ணப்பத்தில் பெரிய பிழை விட்டேன். 'சரணடைந்தோர் தொடர்பான அனைத்து ஆவணங்களும்' என்று எழுதினேன். அப்படி எழுதினால் மறுப்பது அவர்களுக்கு மிகச் சுலபம். ஒரு அலுவலகத்தில் இருந்து சிங்களத்தில் மூன்று வரிப் பதில் வந்தது, தேசிய பாதுகாப்பு என்று. பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வாசித்து அறிந்துகொண்டேன். இரண்டாம் முறை வேறு அலுவலகத்துக்கு, சின்னதாக எழுதினேன்: இன்ன முகாமில், இன்ன மாதத்தில், இன்ன குடும்ப இலக்கத்தின் கீழ்ப் பதியப்பட்டவர்கள் எத்தனை பேர்? பதிவேடு இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது? இந்தமுறை 'எம்மிடம் இல்லை' என்றார்கள். மறுப்புக்கும் 'இல்லை' என்பதற்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது. இல்லை என்றால் யாரிடம் ஒப்படைத்தீர்கள், ஒப்படைத்த கடிதம் எங்கே என்று அடுத்த கேள்வி கேட்கலாம். மேன்முறையீட்டுக்கு அந்தக் கேள்வியைத்தான் எழுதினோம்.

படிவத்தில் குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை என்ற இடத்துக்கு வந்ததும் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 3 ஆ 5 ஆ? அம்மா துண்டைப் பார்க்கவே இல்லை.

"மூண்டு எண்டு போடு தம்பி. வட்டுவாகல் பாலத்துக்கு வரேக்கை நாங்கள் நாலு பேர். முகாமிலை பதியேக்கை மூண்டு."